காலநிலைப் பேச்சுவார்த்தையில் அரசல்லாத தரப்புகள்: யாருடைய அடையாள அட்டையில் உள்ளே வருகிறார்கள்?

நீலவரை (இழையைத் தொடங்கியவர்)

காலநிலை மாற்றம் தொடர்பாக அரசுகளுக்கு உள்ள சட்டக் கடமைகள் குறித்து சர்வதேச நீதிமன்றம் 2025 ஜூலை 23 அன்று ஆலோசனைக் கருத்து வழங்கியது. அதில் என்ன சொல்லப்பட்டது என்பதைவிட, அந்தக் கேள்வி ஹேக் நகரம் வரை வந்துசேர்ந்த வழியே என்னை அதிகம் யோசிக்க வைத்தது. வனுவாட்டுவின் போர்ட் விலா நகரில், தென் பசிபிக் பல்கலைக்கழகத்தின் சட்ட மாணவர்கள் 27 பேர் 2019இல் எழுப்பிய கோரிக்கை அது. 2021 செப்டம்பரில் வனுவாட்டு அரசு அதைத் தன் கோரிக்கையாக அறிவித்தது. 2023 மார்ச் 29 அன்று, 132 நாடுகள் இணைந்து முன்மொழிந்த தீர்மானமாக ஐ.நா. பொதுச்சபையில் வாக்கெடுப்பின்றி நிறைவேறியது. 2024 டிசம்பரில் நடந்த வாய்மொழி விசாரணையில் 96 நாடுகளும் 11 சர்வதேச அமைப்புகளும் வாதிட்டன. கருத்து ஒருமனதாக வந்தது.

இதை "சிவில் சமூகத்தின் வெற்றி" என்று எழுதுவோருடன் எனக்குப் பாதி உடன்பாடுதான். ஏனெனில், அந்த நீதிமன்றத்தில் சிவில் சமூகத்துக்கு இருக்கையே கிடையாது. ஆலோசனைக் கருத்து வழக்குகளில் அரசுசாரா அமைப்புகள் தாமாக அனுப்பும் எழுத்துரைகள் வழக்கின் ஆவணங்களாகக் கருதப்படுவதில்லை; விரும்பும் நாடுகள் எடுத்துப் படித்துக்கொள்ளும்படி, நீதிமன்றம் இயங்கும் அமைதி அரண்மனையில் ஓரிடத்தில் வைக்கப்படும், அவ்வளவுதான். மாணவர் அமைப்பின் தலைவரான சாலமன் தீவுகளின் சிந்தியா ஹௌனியுஹி நீதிபதிகள் முன் பேசியதும் ஓர் அரசுத் தரப்பின் பேச்சாளர்களில் ஒருவராகத்தான்.

இதிலிருந்து என் வாதம். ஐ.நா. காலநிலை மாற்றச் சட்டக உடன்படிக்கையின் 7ஆம் பிரிவு, 6ஆம் பத்தி, தகுதியுள்ள எந்த அமைப்பையும் பார்வையாளராக அனுமதிக்கிறது. வந்திருக்கும் நாடுகளில் மூன்றில் ஒரு பங்கு எதிர்த்தால் மட்டுமே தடை. வணிகம், சுற்றுச்சூழல் என்று இரண்டு குழுக்களாகத் தொடங்கிய பார்வையாளர் வரிசை, உள்ளாட்சிகள், பழங்குடி மக்கள், ஆய்வாளர்கள், தொழிற்சங்கங்கள், விவசாயிகள், பெண்கள், இளைஞர்கள் எனச் சேர்ந்து இன்று ஒன்பதாக வளர்ந்திருக்கிறது. இத்துறை ஆய்வுகளில் பெரும்பகுதி இந்த ஒன்பது குழுக்களைச் சுற்றியே எழுதப்படுகிறது. ஆனால் பேச்சுவார்த்தையின் போக்கை உண்மையில் மாற்றியவர்கள் அந்த வரிசையில் உட்கார்ந்து மாற்றவில்லை என்பதே என் கணிப்பு. ஓர் அரசு இரவல் கொடுத்த இருக்கையில் உட்கார்ந்துதான் மாற்றினார்கள்.

1990களின் தொடக்கத்தில் சிறு தீவு நாடுகளின் கூட்டணிக்கு வழக்கறிஞர் படை ஏதும் இருக்கவில்லை. 1989இல் லண்டனில் தொடங்கப்பட்ட ஃபீல்டு என்ற சிறிய சுற்றுச்சூழல் சட்ட அமைப்பின் வழக்கறிஞர்கள் தீவு நாடுகளின் தூதுக்குழுக்களிலேயே இடம்பெற்று, வரைவுகளை எழுதிக்கொடுத்தார்கள். தொழில்மயமான நாடுகள் தம் உமிழ்வை 1990ஆம் ஆண்டு அளவிலிருந்து 20 சதவீதம் 2005க்குள் குறைக்க வேண்டும் என்று அந்தக் கூட்டணி 1994இல் முன்வைத்த நெறிமுறை வரைவு அந்தக் காலத்தது. அதே ஆண்டுகளில், நிலக்கரி, எண்ணெய் நிறுவனங்களுக்காக வாதாடிய வாஷிங்டன் வழக்கறிஞர் ஒருவர் வளைகுடா நாடுகளின் பிரதிநிதிகளுக்குப் பக்கத்திலிருந்து ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தார். 2022இல் எகிப்தின் ஷர்ம் எல் ஷேக்கில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டுக்கு பி.பி. எண்ணெய் நிறுவனத்தின் அப்போதைய தலைமை நிர்வாகி மொரிட்டேனியா நாட்டுத் தூதுக்குழுவின் உறுப்பினராக வந்திருந்தார். அந்நாட்டின் கடலோர எரிவாயுவில் அந்த நிறுவனத்துக்குப் பங்கு உண்டு. நல்லவர்களும் மற்றவர்களும் நுழைந்த கதவு ஒன்றே.

ஆகவே, பார்வையாளர் எத்தனை பேர் என்று எண்ணுவதைவிட, ஒவ்வோர் அரசும் தன் இருக்கையை யாருக்கு இரவல் கொடுக்கிறது, அதை வெளியில் சொல்கிறதா என்பதைத்தான் நாம் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. மாற்றுக் கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

---

மனுநீதி

நீலவரை அவர்களுக்கு வணக்கம். பசிபிக் மாணவர்களின் எடுத்துக்காட்டு உங்கள் வாதத்துக்குப் பொருந்துகிறது. ஆனால் அதே எடுத்துக்காட்டே உங்களுக்கு எதிராகவும் நிற்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. இதே கேள்வியை சர்வதேச நீதிமன்றத்துக்கு எடுத்துச் செல்லப்போவதாக 2011 செப்டம்பரில் பலாவு நாட்டின் அதிபர் பொதுச்சபையிலேயே அறிவித்தார். அரசின் இருக்கை அவரிடம் இருந்தது. அதை யாரிடமும் இரவல் கேட்க வேண்டிய நிலையில் அவர் இல்லை. ஆனாலும் முயற்சி தீர்மானமாக உருப்பெறவில்லை. வனுவாட்டுவுக்குக் கிடைத்து பலாவுவுக்குக் கிடைக்காதது, நாடு நாடாகச் சென்று வெளியுறவு அமைச்சகங்களின் கதவைத் தட்டிய இளைஞர் அமைப்புகளின் வலைப்பின்னல். இருக்கை இருந்தும் இயக்கம் இல்லாவிட்டால் எதுவும் நகராது என்பதற்கு 2011ஐயும் 2023ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

இரண்டாவதாக, நீங்கள் சர்வதேச மேடையை மட்டும் பார்க்கிறீர்கள். நெதர்லாந்தின் உர்கெண்டா அறக்கட்டளை எந்த அரசின் தோளிலும் ஏறவில்லை; தன் அரசுக்கு எதிராகத் தன் பெயரிலேயே வழக்காடி, உமிழ்வை 1990 அளவிலிருந்து 2020க்குள் குறைந்தது 25 சதவீதம் குறைக்க வேண்டும் என்ற ஆணையை 2015இல் கீழ் நீதிமன்றத்திலும், 2019 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றத்திலும் பெற்றது. சுவிட்சர்லாந்தின் மூத்த பெண்கள் சங்கம் 2024 ஏப்ரல் 9 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் வென்றது. அந்தத் தீர்ப்பில் என் கண்ணில் பட்டது ஒரு நுணுக்கம்: தனித்தனியாக வழக்குத் தொடுத்த பெண்களின் முறையீடுகளை ஏற்க மறுத்த நீதிமன்றம், சங்கத்தின் முறையீட்டை மட்டும் ஏற்றது. அதாவது, வழக்காடும் உரிமை அரசல்லாத அமைப்புக்கு, அமைப்பு என்ற முறையிலேயே கிடைத்தது.

---

நீலவரை

பலாவு பற்றிய செய்தி முக்கியமானது, நன்றி. ஆனால் பலாவுவும் தனியாக நிற்கவில்லை, யேல் பல்கலைக்கழகச் சட்டத்துறையினர் அதற்குத் துணைநின்றார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2011க்கும் 2023க்கும் இடையில் பாரிஸ் உடன்பாடும், மாணவர் வேலைநிறுத்தங்களும், உர்கெண்டா போன்ற தீர்ப்புகளும் வந்துவிட்டன. வேறுபாட்டை முழுவதும் இயக்கத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது. வனுவாட்டு 2021இல் எழுப்பிய கேள்வியை 2011இல் எழுப்பியிருந்தால் அதுவும் முடங்கியிருக்க வாய்ப்பு உண்டு.

உள்நாட்டு நீதிமன்றங்கள் பற்றி நீங்கள் சொன்னதை மறுக்கவில்லை. ஒரு குறிப்பு மட்டும்: ஐரோப்பியத் தீர்ப்பு வந்து ஏறத்தாழ இரண்டு மாதங்களில், சுவிஸ் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் தம் நாடு ஏற்கெனவே போதிய அளவு செயல்பட்டுவருவதாக அறிவித்துக்கொண்டன. தீர்ப்பை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டிய கை அரசின் கைதான்.

---

வரவுசெலவு

இருவரும் மாநாடு, நீதிமன்றம் என்ற இரண்டு கூடங்களுக்குள்ளேயே நிற்கிறீர்கள். அரசல்லாதவர்களின் ஆதிக்கம் எங்கே மிக ஆழமாக வேரூன்றியிருக்கிறது என்று கேட்டால், நான் கணக்குப் பதிவேட்டைக் காட்டுவேன். ஒரு நிறுவனம் வெளியிடும் பசுங்குடில் வாயுக்களை எப்படி அளப்பது, தன் சொந்தக் கொதிகலனில் எரித்ததை ஒரு பிரிவாகவும், விலைக்கு வாங்கிய மின்சாரத்தை இரண்டாம் பிரிவாகவும், மூலப்பொருள் வழங்குவோர் முதல் வாடிக்கையாளர் வரை உள்ளதை மூன்றாம் பிரிவாகவும் எப்படிப் பிரிப்பது என்ற விதிகளை எந்த நாட்டு நாடாளுமன்றமும் எழுதவில்லை. எந்த மாநாடும் வாக்கெடுத்து ஏற்கவில்லை. வாஷிங்டனைச் சேர்ந்த உலக வள நிறுவனமும், பெருநிறுவனங்களின் அமைப்பான நிலைத்த வளர்ச்சிக்கான உலக வணிக மன்றமும் சேர்ந்து 2001இல் வெளியிட்ட விதிகள் அவை.

இன்று அவை எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். 2023 ஜூனில் வெளியான சர்வதேச நிலைத்தன்மை அறிக்கைத் தரநிலை அவற்றையே அளவுகோலாகக் கொள்கிறது. நம் பங்குச்சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபி, சந்தையின் முதல் 1,000 நிறுவனங்களுக்கு 2022-23 நிதியாண்டு முதல் கட்டாயமாக்கிய பொறுப்பு அறிக்கையிலும் அந்த முதல் இரண்டு பிரிவுகள் இடம்பெற்றிருக்கின்றன. கோவையில் பம்ப் தயாரிக்கும் ஒரு பட்டியலிட்ட நிறுவனத்தின் கணக்காளர் இன்று நிரப்பும் படிவத்துக்கு மூலம், எந்த அரசும் இருக்கை கொடுக்காத இரண்டு தனியார் அமைப்புகள். நீலவரை சொல்லும் "இரவல் இருக்கை" இங்கே எங்கே வருகிறது? முதலில் விதியை எழுதினார்கள், பிறகு அரசு அதை எடுத்துக்கொண்டது. இதற்காகத் தூதுக்குழுவில் நுழைய வேண்டிய தேவையே அவர்களுக்கு ஏற்படவில்லை.

இதில் ஆபத்தும் உண்டு. அறிவியல் அடிப்படையிலான இலக்குகள் என்ற பெயரில் நிறுவனங்களின் வாக்குறுதிகளுக்குச் சான்றளிக்கும் அமைப்பின் நிர்வாகக் குழு, மூன்றாம் பிரிவு உமிழ்வைக் கார்பன் வரவுகளை (வேறிடத்தில் குறைக்கப்பட்ட உமிழ்வுக்கான சான்றுகளை) வாங்கி ஈடுகட்டவும் இடமளிக்கலாம் என்று 2024 ஏப்ரலில் அறிவித்தபோது, அதன் ஊழியர்களே வெளிப்படையாக எதிர்த்தார்கள். சில மாதங்களில் தலைமை நிர்வாகி பதவி விலகினார். பல ஆயிரம் நிறுவனங்களைப் பாதிக்கும் ஒரு விதி மாற்றத்தை யார் முன்னிலையில் முடிவுசெய்தார்கள் என்றால், ஓர் அறக்கட்டளையின் நிர்வாகக் குழு முன்னிலையில். மக்கள் வாக்களித்து அவர்களை மாற்ற முடியாது.

---

அடையாற்றங்கரை

நகரங்களை யாரும் தொடவில்லையே என்பதால் எழுதுகிறேன். ஐ.நா. கணக்கில் மாநகராட்சிகளும் பார்வையாளர்தான். தேர்ந்தெடுக்கப்பட்ட மேயரும் தன்னார்வ அமைப்பின் செயலாளரும் ஏறத்தாழ ஒரே வகை அட்டையுடன் உள்ளே போகிறார்கள். இதை உள்ளாட்சி அமைப்புகள் நெடுங்காலமாக எதிர்த்துவருகின்றன. லண்டன் மேயராக இருந்த கென் லிவிங்ஸ்டன் 2005இல் கூட்டிய பெருநகரங்களின் கூட்டம் சி-40 ஆக வளர்ந்தது. சென்னை அதன் உறுப்பினர். சி-40இன் தொழில்நுட்ப உதவியுடன் தயாரான சென்னையின் காலநிலை செயல் திட்டம் 2023இல் வெளியானது. நாட்டின் நிகர பூஜ்ஜிய இலக்கு (வெளியிடும் உமிழ்வும் அகற்றும் உமிழ்வும் சமமாகும் நிலை) ஆண்டு 2070 என்றிருக்க, சென்னை 2050 என்று எழுதிக்கொண்டது.

எழுதிக்கொண்டதில் தவறில்லை. ஆனால் அந்த இலக்கை அடைவதற்கான திருகுகள் யார் கையில் இருக்கின்றன? நகருக்கு வரும் மின்சாரம் எதில் தயாராகிறது என்பதை மாநில மின் நிறுவனங்களும் மத்திய அரசின் அனல் நிலையங்களும் தீர்மானிக்கின்றன. பேருந்துகளை மாநகரப் போக்குவரத்துக் கழகம் ஓட்டுகிறது, அது மாநில அரசுடையது. குடிநீர் வாரியமும் தனி. மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகையின் நேரடிப் பொறுப்பில் மிஞ்சுவது குப்பை, தெருவிளக்கு, பூங்கா, மழைநீர் வடிகால், கட்டட அனுமதியில் ஒரு பங்கு. கொடுங்கையூர், பெருங்குடிக் கிடங்குகளில் அழுகும் குப்பையிலிருந்து எழும் மீத்தேனைக் குறைத்தாலே அது பெரிய வேலை. அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. சர்வதேச மேடையில் ஒரு நகரம் கொடுக்கும் வாக்குறுதியின் எடை, அதன் சொந்த மாநிலத்தில் அதற்கு எவ்வளவு அதிகாரம் உண்டோ அவ்வளவுதான். நியூயார்க்கையும் சென்னையையும் ஒரே பட்டியலில் எழுதும்போது இந்த வேறுபாடு மறைந்துபோகிறது.

---

கீழ்வானம்

நகரங்களைப் பற்றிய பேச்சில் அமெரிக்கா இல்லாமல் முடியாது. 2017 ஜூன் மாதம் அதிபர் டிரம்ப் பாரிஸ் உடன்பாட்டிலிருந்து விலகப்போவதாக அறிவித்த சில நாட்களில், "நாங்கள் இன்னும் இருக்கிறோம்" என்று 1,200க்கும் மேற்பட்ட மேயர்கள், மாநில ஆளுநர்கள், நிறுவனங்கள், பல்கலைக்கழகங்கள் கையெழுத்திட்டனர். அரசு பின்வாங்கினாலும் மற்றவர்கள் சுமப்பார்கள் என்று அப்போது பரவலாக நம்பப்பட்டது. நியூயார்க்கின் முன்னாள் மேயரும் கோடீஸ்வரருமான மைக்கேல் புளூம்பெர்க் 2018இல் ஐ.நா. காலநிலை உடன்படிக்கைச் செயலகத்துக்கு 45 லட்சம் டாலர் கொடுத்து, அமெரிக்கா தராமல் விட்ட தொகையை ஈடுசெய்தார். 2025இலும் அதே உறுதியைக் கொடுத்தார். அவருடைய தாராளத்தைப் பழிக்கவில்லை. ஆனால் ஓர் அரசு செலுத்த வேண்டிய சந்தாவை ஒரு தனிமனிதர் கட்டி, ஐ.நா. செயலகம் அதைப் பெற்றுக்கொள்வது இயல்பான செய்தியாகிவிட்டதே என்பது எனக்கு உறுத்துகிறது. நாளை வேறொரு கோடீஸ்வரர் வேறு நோக்கத்துடன் காசோலை நீட்டினால் எந்த விதியைக் காட்டி மறுப்பார்கள்?

வங்கிகளின் கதை இதைவிடப் பாடமானது. 2021இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில், 130 லட்சம் கோடி டாலர் சொத்துகளை நிர்வகிக்கும் நிதி நிறுவனங்கள் நிகர பூஜ்ஜியத்துக்கு உறுதிபூண்டதாக அறிவிப்பு வந்தது. அவற்றுள் காப்பீட்டாளர்களின் கூட்டணி 2024 ஏப்ரலில் கலைந்தது. அமெரிக்காவின் ஆறு மிகப்பெரிய வங்கிகள் 2024 டிசம்பருக்கும் 2025 ஜனவரிக்கும் இடையில் வங்கிக் கூட்டணியிலிருந்து வரிசையாக வெளியேறின. 2025 அக்டோபரில் அந்தக் கூட்டணியே செயல்பாட்டை நிறுத்திக்கொண்டது. இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. காப்பீட்டாளர்களையும் நிதி நிறுவனங்களையும் மிரட்டியதில் முன்னணியில் நின்றவர்கள் குடியரசுக் கட்சி ஆளும் மாநிலங்களின் அரசுத் தலைமை வழக்கறிஞர்கள். போட்டிச் சட்டத்தின்கீழ் வழக்கு வரும் என்று கடிதம் அனுப்பினார்கள். கலிபோர்னியா மாநிலம் உடன்பாட்டைக் காக்கிறது என்றால், அதே மாநில அதிகாரத்தை வைத்துத்தான் மற்ற மாநிலங்கள் இந்தக் கூட்டணிகளை உடைத்தன. "மத்திய அரசுக்குக் கீழ்ப்பட்ட தரப்புகள்" என்றதும் அவை நம் பக்கம்தான் இருக்கும் என்று எண்ணிக்கொள்வது ஆய்வுக் கட்டுரைகளின் பழைய நோய்.

---

மட்டுநகர் வாசகர்

மனுநீதி அவர்கள் 2011ஐயும் 2023ஐயும் ஒப்பிட்டார்கள். நான் இன்னும் சற்றுப் பின்னே போகிறேன். சர்வதேச நீதிமன்றத்தை அரசல்லாத தரப்புகள் அரசுகளின் கையால் நாடியது இது முதல் தடவை அன்று. மருத்துவர்கள், வழக்கறிஞர்கள், சமாதான இயக்கத்தினர் ஆகியோரின் மூன்று சர்வதேச அமைப்புகள் 1992இல் தொடங்கிய உலக நீதிமன்றத் திட்டம், அணு ஆயுதங்கள் சட்டபூர்வமானவையா என்ற கேள்வியை முதலில் உலக சுகாதார அமைப்பின் வழியாகவும், பின்னர் பொதுச்சபையின் வழியாகவும் நீதிமன்றத்துக்கு அனுப்பச் செய்தது. 1996 ஜூலை 8 அன்று, சுகாதார அமைப்பு கேட்டதற்குப் பதிலளிக்க மறுத்த நீதிமன்றம் பொதுச்சபை கேட்டதற்குப் பதிலளித்தது. எந்த அமைப்பின் வழியாகக் கேட்பது என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு அது ஒரு பாடம். பசிபிக் மாணவர்கள் பொதுச்சபையின் வழியையே நாடினார்கள்.

அந்த வழக்கில் விரிவான மாறுபட்ட கருத்தை எழுதிய நீதிபதி எங்கள் இலங்கையைச் சேர்ந்த கிறிஸ்தோபர் வீரமந்திரி. அடுத்த ஆண்டே, ஹங்கேரிக்கும் ஸ்லோவாக்கியாவுக்கும் இடையிலான டான்யூப் அணை வழக்கில், இலங்கையின் பழைய குளங்களையும் கால்வாய்களையும் சான்றுகாட்டி, இயற்கையைக் காத்துக்கொண்டே வளர்ச்சி காண்பது மிகப் பழைய மரபு என்று தனிக் கருத்து எழுதினார். இழையின் பொருளிலிருந்து சற்று விலகிவிட்டேன், பொறுத்தருள்க.

---

நிலத்திணை

ஒரு குறையைச் சொல்லியே ஆக வேண்டும். இதுவரை பேசப்பட்ட அமைப்புகளில் பலவற்றின் தலைமையகங்களை எண்ணிப் பாருங்கள்: லண்டன், வாஷிங்டன், நியூயார்க். தென் நாடுகளின் அரசல்லாத குரல் பசிபிக் மாணவர்களோடு தொடங்கவில்லை. 1991இல் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையத்தைச் சேர்ந்த அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் ஒரு சிறு நூலை வெளியிட்டார்கள். உலக வள நிறுவனத்தின் அதற்கு முந்தைய ஆண்டு அறிக்கை, இந்தியாவையும் சீனாவையும் பெரிய உமிழ்வாளர்களின் வரிசையில் நிறுத்தியதற்கான பதில் அது. நெல் வயலிலிருந்தும் உழவு மாட்டிலிருந்தும் வரும் மீத்தேனையும் கார் ஓட்டுவதால் வரும் புகையையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது, உலகின் காற்றுவெளி தலைக்கு இவ்வளவு என்று பகிரப்பட வேண்டும் என்பதே அதன் வாதம். உடன்படிக்கைக்கு முந்தைய பேச்சுகளில் இந்தியா எடுத்த நிலைப்பாட்டில் அந்த வாதத்தின் சுவடு தெளிவாகத் தெரியும். வரவுசெலவு அவர்கள் சொன்ன அதே வாஷிங்டன் நிறுவனம்தான் அங்கே எதிர்த்தரப்பு என்பதையும் கவனிக்கலாம். கணக்கை எழுதுபவர் யார் என்ற சண்டை அன்றே தொடங்கிவிட்டது.

பழங்குடி மக்களுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு கிடைத்திருக்கிறது. 2015 பாரிஸ் மாநாட்டின் முடிவிலிருந்து பிறந்த அவர்களுக்கான மேடையின் செயற்குழு 2018இல் போலந்தின் கடோவிட்சே மாநாட்டில் அமைக்கப்பட்டது. அதன் 14 இடங்களில் 7 அரசுகளுக்கு, 7 பழங்குடி மக்கள் தாமே தேர்ந்தெடுப்பவர்களுக்கு. முடிவெடுக்கும் அதிகாரம் குறைவுதான். ஆனால் யாரிடமும் இரவல் வாங்காத இருக்கை அது, நீலவரை.

---

நீலவரை

கணக்கு விதிகளைப் பற்றியும் பழங்குடியினரின் செயற்குழுவைப் பற்றியும் சொன்னவை என் வாதத்தின் எல்லையைக் காட்டுகின்றன, ஏற்கிறேன். பேச்சுவார்த்தைக் கூடத்தைப் பொறுத்தவரையாவது அது நிற்கிறது என்றே இன்னும் கருதுகிறேன். 2023இல் துபாய் மாநாட்டுக்கு நிலக்கரி, எண்ணெய், எரிவாயு நலன்களுடன் தொடர்புடைய 2,456 பேர் வந்ததாகப் பிரசார அமைப்புகளின் கூட்டணி கணக்கிட்டது. 2021இல் கிளாஸ்கோவில் இதே வகையான கணக்கு 503. இவர்களில் கணிசமானோர் நாடுகளின் தூதுக்குழு அட்டையுடனேயே வந்தார்கள்.

புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் 5.3ஆம் பிரிவு, கொள்கை வகுப்பதைப் புகையிலைத் தொழிலின் வணிக நலன்களிடமிருந்து காக்கும்படி அரசுகளைக் கட்டாயப்படுத்துகிறது. அதைப் போன்ற ஒன்றைக் காலநிலை உடன்படிக்கையிலும் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை பல ஆண்டுகளாக இருக்கிறது. மனுநீதி அவர்கள் இதை எப்படிப் பார்க்கிறார்கள் என்று அறிய விரும்புகிறேன்.

---

மனுநீதி

விரும்பத்தக்கது, ஆனால் அப்படியே பெயர்த்து நட முடியாது. புகையிலையில் அரசு நிறுவனங்களும் உண்டு. அவற்றையும் தனியார் நிறுவனங்களைப் போலவே நடத்த வேண்டும் என்று 2008ஆம் ஆண்டின் வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. எண்ணெயில் அது ஏன் கடினம் என்றால், பல நாடுகளில் எண்ணெய் நிறுவனமும் அரசும் ஒன்றே. துபாய் மாநாட்டின் தலைவரே அபுதாபி தேசிய எண்ணெய் நிறுவனத்தின் தலைவர். அவர் யாருடைய இருக்கையையும் இரவல் வாங்கவில்லை, அது அவருடைய சொந்த இருக்கை. ஒருமித்த கருத்தில்லாமல் எதுவும் நிறைவேறாத அமைப்பில், அத்தகைய நாடுகள் தம்மைத்தாமே வெளியேற்றிக்கொள்ளும் விதிக்கு ஒப்புவார்கள் என்று எதிர்பார்ப்பதில் பொருளில்லை.

எனவே நான் வேறு பக்கமிருந்து வருகிறேன். நீங்கள் தொடங்கிய ஆலோசனைக் கருத்திலேயே, புதைபடிவ எரிபொருள் உற்பத்தி, அதைத் தேடுவதற்கு உரிமம் வழங்குவது, மானியம் தருவது ஆகியவற்றை உள்ளிட்ட வழிகளில் காலநிலையைக் காக்கத் தவறுவது, அந்த அரசின் சர்வதேசச் சட்ட மீறலாகக் கருதப்படலாம் என்று நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தன் அதிகார எல்லைக்குள் இயங்கும் தனியாரை ஒழுங்குபடுத்துவதில் உரிய விழிப்புடன் இருக்கும் கடமையும் அரசுக்கு உண்டு என்றும் சொல்லியிருக்கிறது. மொரிட்டேனியாவின் அட்டையில் பி.பி.யின் தலைவர் வந்தால், அவர் யார் சார்பில் பேசினார் என்ற விவாதத்துக்குச் சட்டப்படி இனிப் பெரிய மதிப்பில்லை. அந்த எரிவாயுவுக்கு உரிமம் கொடுத்தது எந்த அரசு என்பதுதான் கேள்வி.

வெளிப்படைத்தன்மையைப் பொறுத்தவரை, துபாய் மாநாடு முதல், பதிவுசெய்வோரிடம் அவர்கள் எந்த அமைப்பைச் சேர்ந்தவர்கள், தம்மை அனுப்பும் நாட்டோடு என்ன தொடர்பு என்று செயலகம் கேட்கிறது. சொல்ல விரும்பவில்லை என்று குறிக்கவும் இடம் இருக்கிறது. பங்கேற்பாளர் பட்டியல் பொதுவில் கிடைக்கிறது. இந்தியத் தூதுக்குழுவின் பட்டியலை இரண்டு மூன்று மாநாடுகளுக்காவது வரிசையாகப் பார்த்து, அந்தக் கட்டத்தை எத்தனை பேர் காலியாக விட்டிருக்கிறார்கள் என்று இந்த இழையிலேயே பதியலாம். துபாய் பட்டியலை நான் எடுத்துக்கொள்கிறேன். அடுத்து வந்த பாக்கு (2024), பெலெம் (2025) மாநாடுகள் இரண்டையும் வேறு யாராவது எடுத்துக்கொண்டால் நல்லது.

---

வரவுசெலவு

பாக்கு பட்டியலை நான் பார்க்கிறேன். பொதுத்துறை எண்ணெய், நிலக்கரி நிறுவனங்களைச் சேர்ந்தவர்களைத் தனி வரிசையில் எழுதிவிடுகிறேன். அவர்கள் அரசுத் தரப்பா இல்லையா என்பதைப் பட்டியல் வந்தபிறகு பேசிக்கொள்ளலாம்.